மாமனாருக்கு வந்த சீனாக்காரன் வியாதி

என் மாமனாரின் சிமெண்ட் கடைக்குச் சரக்கு எடுக்க வரும் மேஸ்திரிகள், முதலில் வாயைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். "ஊது" என்பார். கண்ணை மூடி, மூக்கை விடைத்துக்கொண்டு, பூசாரி உத்தரவு கேட்பதுபோல நிற்பார். வாடை இல்லையென்றால் மூட்டை வண்டியில் ஏறும். இருந்தால், "போயி குளிச்சிட்டு, மோரு குடிச்சிட்டு சாயந்தரமா வா. போதையில கட்டற செவுரு கோணலாத்தான் வரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சிலர் தந்திரமாக ஏலக்காய் மென்றுகொண்டு வருவார்கள். ஏலக்காய் வாசனை வந்தால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடும். மறுபடி ஊதச் சொல்வார்.

குரோம்பேட்டையை ஒட்டிய எங்கள் அஸ்தினாபுரத்தில் தெருவுக்குத் தெரு வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வயல் இருந்த இடமெல்லாம் மனையாகிவிட்டது. பக்கத்தில் வேறு நல்ல கடை இல்லை என்பதால் மேஸ்திரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினார்கள்.

மாமனார் குடித்ததே கிடையாது. அவருடைய அப்பா கள்ளில் ஊறிக் கிடந்த மனிதர் என்று கேள்வி. அதற்கு ஈடுகட்டுவதுபோல இவர் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க இந்த ஒரு தூணின்மேல்தான் நின்றது.

எண்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். கல்லூரியில் தவளையை அறுத்துப் பார்த்தவள் என்ற தகுதியில் குடும்பத்துக்கு நான்தான் அரை டாக்டர். யாருக்குத் தலைவலி என்றாலும் என்னிடம் வந்து நிற்பார்கள். தவளைக்குத் தலைவலி வந்தால் என்ன செய்வது என்பதுகூட எனக்குத் தெரியாது என்பதை அவர்கள் கடைசிவரை நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலத்தில் மாமனார் இளைக்க ஆரம்பித்தார். சாப்பாடு பிடிக்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே ஏதோ கல்லை வைத்துக் கட்டினாற்போல இருக்கிறது என்றார். அத்தை, அதாவது என் மாமியார், திருஷ்டி கழித்துப் பார்த்தார். கேட்கவில்லை. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அரை டாக்டரான நான் அழைத்துப் போனேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "தண்ணி அடிப்பீங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

வயிற்றில் ஜில்லென்று தடவிய களிம்பின் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்த மாமனார், "முன்னாடி அடிச்சினு இருந்தோம் சார். இப்ப மோட்டர் போட்டுட்டோம்" என்றார்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "அது இல்லைங்க. குடிக்கிற பழக்கம் இருக்கான்னு கேட்டேன்."

களிம்பு வழிய வழிய மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாரப் பாத்து இன்னா கேள்வி கேக்கற நீ? குரோம்பேட்டையில வந்து வெசாரி!" அவரை மறுபடி படுக்க வைக்க நானும் அங்கிருந்த நர்ஸும் ஆளுக்கொரு தோளை அழுத்த வேண்டியிருந்தது.

கல்லீரலில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். என்னைத் தனியாக அழைத்து அது எந்த மாதிரிக் கட்டியாக இருக்கக்கூடும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ஸ்கேன் கவரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமனாரோ வழி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டு வந்தார். "என்னயப் பாத்து கேட்டுட்டாம்மா. என்னயப் பாத்து."

கல்லீரல் என்ற ஒரு சொல் போதும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஈரல் கெட்டால் குடி. எங்கள் ஊரில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. 'இத்தன வருஷமா ஊரையே ஏமாத்திகினு இருந்துகீறாரு பாரேன்' என்று பேச்சு கிளம்பியது.

அதைவிட மோசம், அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மாமனார் குளிக்கப் போன நேரத்தில் கடைக்குப் போய், சிமெண்ட் மூட்டைகளுக்கு இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது தலை முதல் கால்வரை சாம்பல் நிறத்தில், விபூதியில் முக்கி எடுத்தாற்போல நின்றார். கையில் ஒரு பாட்டில்.

"பாரும்மா, நீயே மோந்து பாரு. நீ படிச்ச பொண்ணு."

மோந்து பார்த்தேன். டர்பன்டைன்.

"இதையா குடிச்சாரு?" என்றார் அத்தை, நெஞ்சில் கையை வைத்து.

"அத்தை, இது பெயிண்டுல கலக்கறது."

"கருமம், அது வேறயா" என்று உட்கார்ந்துவிட்டார். அவரை நம்ப வைக்க அன்று பகல் முழுக்க ஆயிற்று.

ஆனால் மாமனாரை நிஜமாக வீழ்த்தியது ஒரு மேஸ்திரிதான். பல வருஷமாக ஊதி ஊதிக் களைத்த மனிதர் அவர். அன்று வழக்கம்போல மாமனார் "ஊது" என்றதும், மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "நீங்க மொதல்ல ஊதுங்க மொதலாளி" என்றார்.

கடையில் இருந்த எல்லாரும் உறைந்துபோனோம். மாமனார் கல்லாவை விட்டு எழுந்து வந்து, மேஸ்திரியின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். மேஸ்திரி மோந்து பார்த்துவிட்டு, "வெந்தயம் வாடைதான் வருது" என்றார் கொஞ்சம் ஏமாற்றமாக. அன்றைக்கு மாமனார் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நகரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர். சில வருஷம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்த பிறகு, மாமனார் எதிரில் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தார்.

"ஐயா, உங்களுக்குப் பூர்வீகம் எது? நீங்க என்ன சமூகம்?"

மாமனார் நிமிர்ந்தார். "இன்னாத்துக்கும்மா கேக்கற? பொண்ணு பாக்கவா வந்துகீறோம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுக்கில்லைங்க. இந்த வியாதி யார் யாருக்கு எவ்வளவு வருதுன்னு பாக்கறோம். நான் அமெரிக்காவுல இருந்தப்போ, வெள்ளைக்காரங்களைவிட சீனா, கொரியா, வியட்நாம்லேர்ந்து வந்து குடியேறினவங்களுக்குத்தான் அதிகமா வந்துது. ஆப்பிரிக்காவுல பல எடங்கள்லயும் அப்படித்தான். குடிக்காதவங்களுக்கும்தான் வரும். நம்ம ஊர்ல எப்படின்னு..."

மாமனார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "இரும்மா. குடிக்காதவங்களுக்கு வருமா?"

"வரும்."

"சீனாக்காரனுக்கு வருமா?"

"அதிகமா வருது. ஆனா அதுக்குக் காரணம்..."

காரணம் அவர் காதில் ஏறவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. ரயிலில் எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாதவரிடம், "எனக்கு வந்துகிறது சீனாக்காரன் வியாதி சார்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் அவசரமாகப் பல்லாவரத்திலேயே இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் குடிப் பேச்சு நின்று, சீனப் பேச்சு ஆரம்பித்தது. அஸ்தினாபுரத்து ஆளுக்குச் சீனாக்காரன் வியாதி எப்படி வரும்? எதிர் வீட்டில், குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் விற்கும் நூடுல்ஸ்தான் காரணம் என்றார்கள். மாமனார் அதை ஒரே ஒரு தடவை, அதுவும் இடியாப்பம் என்று நினைத்து வாங்கியிருந்தார். அத்தை, வெகு காலம் முன்னால் பட்டணத்தில் ஒரு சீனப் பல் டாக்டர் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியதைக் கண்டுபிடித்தார். "அந்தாளு வாயில கைய விட்டப்பவே நான் நெனச்சேன்" என்றார்.

பீர்க்கன்கரணையிலிருந்து அத்தையின் தம்பி பார்க்க வந்தார். அவர் எங்கள் குடும்பத்தின் அதிகாரப்பூர்வமான குடிகாரர். ஆனால் தங்கமான மனிதர். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

"மாமா, ஞாயமா இது எனக்கு வர வேண்டியது மாமா. நானும் போயி ஸ்கேன் எடுத்துப் பாத்தேன். சுத்தமா கீதுன்னு சொல்லிட்டான்."

மாமனாருக்கு அதுதான் தாங்கவில்லை. "சுத்தமா கீதாமே" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் பம்மலைச் சேர்ந்த ஒரு பாய். பதப்படுத்திய தோல் வாங்கி விற்கிறவர். நல்ல உயரம், மருதாணி போட்ட தாடி. அவருக்கும் அதே கட்டி. அவரும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வந்த அன்றே இரண்டு பேரும் யாருக்கு எதனால் வியாதி வந்தது என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க ஆளுங்கள்ல குடி ஹராம் அண்ணாத்தே. எனக்கு ஏன் வரணும்?" என்றார் பாய்.

"நீங்க கொழுப்புக்கறியா துன்றீங்க, அதான்."

"நீங்க கருவாட்டுக் கொழம்ப மூணு நாளு சுட வெச்சி சாப்புடறீங்களே, அது?"

"பம்மல் தண்ணியில ஒரே தோல் ஷாப்பு கழுவுன கழிவு. அதக் குடிச்சா ஈரல் இன்னாத்துக்கு ஆவும்?"

"நீங்க நாள் பூரா சிமெண்ட்ட மூக்கால இழுத்தா மட்டும் பூ மலருமா?"

ஒரு பக்கம் பாயின் மனைவி, ஒரு பக்கம் நான். இருவரும் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். இரண்டு பேரும் உள்ளே பயந்துபோயிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சண்டை போடும் நேரத்தில்தான் இருவரும் கொஞ்சம் சாப்பிட்டார்கள். ஆகவே நாங்கள் தடுக்கவில்லை.

ஒரு நாள் காலை பெண் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நின்றபோது, பேச்சு சின்ன வயசுக் காய்ச்சல் பக்கம் போனது.

"ஜொரம் வந்தா எங்க வாப்பா என்னத் தோள்ல போட்டுகினு ஊசி டாக்டர்கிட்ட போவாரு. ஒரே ஊசி. ஜொரம் ஓடிப்பூடும்" என்றார் பாய்.

மாமனார் முழங்கையை ஊன்றி எழுந்தார். "எந்த டாக்டரு? சைக்கிள்ல வருவாரே, கழுத்துல கொழா மாட்டிகினு, பெரிய மீசை..."

"அவரேதான்! அண்ணாத்தே, நீங்களும் அவர்கிட்டயா?"

"எங்க ஊரே அவர்கிட்டத்தான் பாய்! எங்கப்பா எத்தினி வாட்டி என்னத் தூக்கினு வந்துகிறாரு! கைராசின்னா அது கைராசி!"

அடுத்தடுத்த கட்டிலில் இருந்த இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன வயதில் இருவரும் அந்த டாக்டர் வாசல் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றுகூட இருந்திருக்கலாம். எப்போதோ காலமாகிவிட்ட அந்த டாக்டரின் புகழை மாற்றி மாற்றிப் பாட ஆரம்பித்தார்கள். கண்ணாடி சிரிஞ்சு, அதில் செருகிய ஒரு தடித்த ஊசி. அது மழுங்கிப் போய், தோலில் இறங்கும்போது 'டப்' என்று சத்தம் வருமாம்.

பெண் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "ஒவ்வொருத்தருக்கும் போட்டப்புறம் ஊசியைக் கொதிக்க வெப்பாரா?"

"காலைல கொதிக்க வெப்பாரும்மா" என்றார் மாமனார் பெருமையாக. "ரொம்ப சுத்தமான மனுஷன். அப்பறம் நாள் பூரா பஞ்சால தொடச்சித் தொடச்சிப் போடுவாரு."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மஞ்சள்காமாலையில் ஒரு வகை உண்டு, அதன் கிருமி ரத்தத்தில் போகும், ஒருவர் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவர் உடம்பில் ஏறினால் போதும், சின்ன வயதில் தொற்றினால் வெளியே தெரியாமல் கல்லீரலிலேயே தங்கி, வெகு காலம் கழித்துக் கட்டியாக வரும் என்றார். உங்கள் இரண்டு பேர் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருக்கிறது என்றார்.

"அம்மாகிட்டேர்ந்து பொறக்கும்போதும் வரலாம். ஊசியா, அம்மாவான்னு இப்ப அடிச்சிச் சொல்ல முடியாது. சீனாவுல அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்கு வர்றது அதிகம். அதனாலதான் அவங்களுக்கு இந்த வியாதி அதிகம். அவங்க பேரப்பிள்ளைங்க அமெரிக்காவுலயே பொறந்து வளர்ந்தா அவங்களுக்குக் குறையுது. ஆளுங்க அதே ஆளுங்கதான், வியாதி குறையுது. அப்ப சாதியோ இனமோ காரணம் இல்லன்னு ஆவுதில்ல? கிருமி எந்த வழியில வந்துதுன்னு தேடத்தான் எல்லாரையும் என்ன சமூகம்னு கேக்கறேன்."

இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நகர்ந்ததும் பாய் சொன்னார்: "படிச்ச பொண்ணுதான். ஆனா நம்ம டாக்டரப் பத்தி அதுக்குத் தெரியாது."

"அதான பாய்" என்றார் மாமனார். "சீனாக்காரனே இருந்துட்டுப் போறான். அந்த மனுஷன் மேல பழி சொல்லக் கூடாது." அன்றிலிருந்து அவர்களுக்குள் சண்டையே இல்லை.

மாமனாரின் கட்டியை வெட்டி எடுக்க முடிந்தது. பாயினுடையது பரவியிருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்து அப்படியே மூடிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் படுத்திருந்த அந்த நாட்களில், சண்டையாவது போட மாட்டார்களா என்று நாங்கள் ஏங்கினோம்.

வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் அந்தக் கிருமி இல்லை. பீர்க்கன்கரணைத் தம்பியை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே அவர் பனைமரத்தில் ஏறிவிடுவாராம். அந்த ஊசி டாக்டர் கையில் அவர் சிக்கியதே இல்லை. "அதாண்டி அவன் தப்பிச்சான்" என்றார் மாமனார் அத்தையிடம். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பேச்சை மாற்றிவிட்டார்.

மாமனார் தேறி, கடைக்குப் போக ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைதோறும் பம்மலுக்குப் போய் பாயைப் பார்த்துவிட்டு வருவார். ரம்ஜான் மாதத்தில் ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக்கஞ்சியோடு திரும்பினார். அதுதான் கடைசி. பெருநாள் முடிந்து சில நாளில் பாய் இறந்துபோனார்.

நானும் மாமனாரோடு போனேன். வாசலில் பந்தல். பெண்கள் பக்கம் பாயின் மனைவி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. ஆண்கள் பக்கம் நாற்காலியில் மாமனார். அவருக்குப் பின்னால் இருந்த இருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டது, தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. ஈரல்தானாம். வெளியூருக்குச் சரக்கு எடுக்கப் போவாரே, அங்கே என்னென்ன பழக்கமோ.

மாமனார் எழுந்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"யாருப்பா பேசினது? இந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்ல. நான் பக்கத்துக் கட்டில்ல இருந்தவன். எனக்கும் அதே வியாதிதான். ரெண்டு பேருக்கும் ஊசியில வந்துது. நம்ம ஊசி டாக்டரு போட்டாரே, அந்த ஊசியில. நல்ல மனுஷன்தான். தெரியாமத்தான் போட்டாரு. ஆனா அதுலதான் வந்துது. இன்னொரு வாட்டி யாராச்சும் இவர குடிகாரருன்னு சொன்னா..." பாயின் மூத்த மகன் வந்து அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அந்த இடத்தில் அதைச் சொல்ல எந்த அரை டாக்டருக்கும் வாய் வராது.

அந்த வருஷமே குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் நடந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் புது ஊசி என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள். மாமனார் சிமெண்ட் ஏற்றும் டெம்போவில் மேஸ்திரிகள், கொத்தனார்கள், சித்தாள்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் இறக்கினார். வரிசையின் முன்னால் நின்று, ஒவ்வொரு ஊசியும் உறையிலிருந்து பிரித்து எடுக்கப்படுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நர்ஸ் எரிச்சலோடு, "நீங்க யார் சார்?" என்றாள்.

"பேஷண்ட்டு" என்றார்.

பீர்க்கன்கரணைத் தம்பியை டெம்போவில் இரண்டு மேஸ்திரிகள் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். முறை வரும்போது பார்த்தால் ஆளைக் காணோம். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே, நல்ல வெயிலில், ரயில்வே கேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். மாமனார் சுவரோரம் போய் எக்கி நின்று, "டேய், நில்றா! எறும்பு கடிக்கிறாப்பலதான்டா இருக்கும்! அக்கா புருஷன் சொல்றன் இல்ல!" என்று கத்தினார். கத்தும்போது வயிற்றில் தையல் போட்ட தழும்பு இழுத்தது போலிருக்கிறது. வலது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் சில வருஷம் நன்றாகவே இருந்தார். பிறகு கட்டி திரும்பி வந்தது. அந்த முறை எங்கள் தெருவில் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சாயங்காலங்களில் வந்து அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, எந்த வீட்டில் எந்தச் சுவர் கோணல் என்று பேசிவிட்டுப் போனார்கள்.